கட்டிங் வேஸ்டுக்கு முதலில் தராசு, பிறகு சாஃப்ட்வேர்

கேள்வி: திருப்பூரில் 35 மெஷின் வைத்து டி-ஷர்ட் தைக்கிறோம். பாதி சொந்த ஆர்டர், பாதி ஜாப் வொர்க் (பிறர் கொடுக்கும் துணியைக் கூலிக்குத் தைப்பது). கட்டிங் வேஸ்டை எல்லாம் ஒன்றாக மூட்டை கட்டி, மாதம் இரண்டு முறை ஒரே ரேட்டுக்குப் போட்டுவிடுவது வழக்கம். இப்போது ஜெர்மனி பையர் ஒருவர், ‘எவ்வளவு வேஸ்ட் வருகிறது, அது எங்கே போகிறது, மறுசுழற்சி ஆகிறதா’ என்று கேட்டுப் படிவம் அனுப்பியிருக்கிறார். ஒரு சாஃப்ட்வேர் கம்பெனிக்காரர் நான்கு லட்சம் ரூபாய்க்கு ‘பிளாக்செயின்’ உள்ள ஈஆர்பி (கம்பெனியின் எல்லாக் கணக்கையும் ஒன்றாக வைக்கும் சாஃப்ட்வேர்) போட்டால்தான் இனி ஐரோப்பாவுக்கு அனுப்ப முடியும் என்கிறார். எங்களிடம் ஒரு கம்ப்யூட்டர், டேலி, வாட்ஸ்அப், இவ்வளவுதான். என்ன வாங்க வேண்டும்?

பதில்: இப்போதைக்கு ஒரு எலக்ட்ரானிக் தராசு வாங்குங்கள். உங்களிடம் ஏற்கெனவே இல்லையென்றால் பழைய ஆண்ட்ராய்டு போன் ஒன்றும் வேண்டும். நான்கு லட்சத்தை ஆறு மாதம் கையிலேயே வைத்திருங்கள்.

மூட்டையில் ஒருமுறை கலந்துவிட்ட துணியை எந்தச் சாஃப்ட்வேராலும் பிரிக்க முடியாது. கட்டிங் டேபிளில் வேஸ்ட் விழும் அந்த நேரத்தில்தான் அது எந்த ஸ்டைல், எந்தக் கலர், என்ன நூல் என்பது எல்லோருக்கும் தெரியும். சாயங்காலம் மூட்டை கட்டும்போது யாருக்கும் தெரியாது. அந்தத் தகவலை விழுந்த இடத்திலேயே பிடித்து, கிலோவோடு சேர்த்து எழுதிவைப்பதற்குத்தான் டிஜிட்டல் கருவி வேண்டும். பையர் கேட்கும் கணக்கு, வேஸ்டுக்குக் கிடைக்கும் நல்ல விலை, மார்க்கரில் (துணிமேல் துண்டுகளை எப்படி அடுக்கி வெட்டுவது என்ற வரைபடம்) மிச்சமாகும் துணி ஆகிய மூன்றும் அந்த ஒரு பதிவிலிருந்தே வரும்.

முதலில் பிரிப்பதைப் பார்ப்போம். வேஸ்ட் துணியை மில்லில் துண்டாக வெட்டி, பற்கள் உள்ள உருளைகளில் கிழித்து மறுபடி பஞ்சாக்குகிறார்கள். அப்படிக் கிழிக்கும்போது இழை குட்டையாகிவிடும். அதனால் அதைப் பெரும்பாலும் குட்டை இழைக்கு ஏற்ற ஓப்பன் எண்ட் என்ற நூற்பு முறையில், புதுப் பஞ்சோ பாலியஸ்டரோ கலந்து நூற்கிறார்கள். பனியன் துணி நெசவுத் துணியைவிடச் சுலபமாகப் பிரியும் என்பதால் நம் ஊர் வேஸ்டுக்கு எப்போதும் தேவை இருக்கிறது. ஆனால் லைக்ரா கலந்திருந்தால் அந்த ரப்பர்போன்ற இழை கிழியாமல் இழுபட்டு உருளையில் சுற்றிக்கொள்ளும், நூலில் முடிச்சு முடிச்சாக வரும். ஒரு மூட்டையில் சில கைப்பிடி லைக்ரா துணி இருந்தாலே வாங்குபவர் மூட்டை முழுவதையும் கீழ் ரகமாக மதிப்பிடுவது இதனால்தான்.

உங்களைப் போன்ற டி-ஷர்ட் யூனிட்டுக்கு லைக்ரா வரும் வழி பெரும்பாலும் கழுத்து ரிப், அதாவது கழுத்துப் பட்டித் துணி. உடல் துணி 100% பருத்தியாக இருக்கும். அதே கலரில் சாயம் போட்ட கழுத்து ரிப் 95% பருத்தி, 5% லைக்ரா என்று இருக்கும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான், ஒரே டேபிளில் வெட்டினால் ஒரே மூட்டைக்குள் போய்விடும். ரிப் வெட்டுவதைத் தனி டேபிளுக்கு மாற்றுங்கள். இடமில்லை என்றால் உடல் துணி முழுவதையும் வெட்டி, மூட்டையைக் கட்டி எடுத்த பிறகு ரிப்பைப் போடுங்கள். சந்தேகம் வந்தால் துண்டிலிருந்து ஒரு நூலைப் பிரித்து மெதுவாக இழுத்துப் பாருங்கள். பருத்தி நூல் அறுந்த பிறகும் முடிபோன்ற ஒரு மெல்லிய இழை நீண்டுகொண்டே வந்தால் அது லைக்ரா.

கலர் பிரிப்பதற்கும் காரணம் உண்டு. ஒரே கலர் வேஸ்டிலிருந்து நூற்ற நூலுக்கு மறுபடி சாயம் போட வேண்டியதில்லை. சாயக் கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடக்கூடாது என்ற நிபந்தனையை நிறைவேற்றாத சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகு, தண்ணீரைச் சுத்திகரித்து உப்பைப் பிரிக்கும் செலவு என்ன என்பது திருப்பூரில் எல்லோருக்கும் தெரியும். சாயம் போடாமல் கலர் நூல் கிடைப்பதற்கு மில்காரர் காசு தரத் தயாராக இருப்பது அதனால்தான்.

அதற்காக இருபது வகை பிரிக்கப் போகாதீர்கள், ஒரு வாரத்தில் எல்லோரும் கைவிட்டுவிடுவார்கள். ஏழு மூட்டை போதும்: பருத்தி வெள்ளை, பருத்தி வெளிர் கலர், பருத்தி அடர் கலர், பருத்தி கறுப்பு, மெலாஞ்ச் (பல நிற இழை கலந்து நூற்றது), லைக்ரா கலந்தது, பாலியஸ்டர் கலந்தது. ஒரே கலரில் பெரிய ஆர்டர் ஓடினால் அந்தக் கலருக்கு மட்டும் தனி மூட்டை போடலாம். ஓவர்லாக் மெஷினில் விழும் ஓரத் துணுக்கில் பாலியஸ்டர் தையல் நூல் இருக்கும், அது கட்டிங் வேஸ்டோடு சேரக்கூடாது. தரையைக் கூட்டி அள்ளுவதில் உடைந்த ஊசி, எண்ணெய், பின் எல்லாம் இருக்கும். அதை எந்த மூட்டையிலும் கொட்டக்கூடாது. சாயங்காலம் கூட்டுகிறவர் அருகில் இருக்கும் மூட்டையில் கொட்டிவிட்டுப் போவதுதான் சாதாரணமாக நடப்பது. அவருக்கென்று வேறு நிறத்தில் ஒரு சாக்கு கொடுத்துவிட்டால் தீர்ந்தது. வெட்டிய துண்டுகளில் ஒட்டும் நம்பர் ஸ்டிக்கரையும் கவனியுங்கள். ரிஜெக்ட் ஆன துண்டு ஸ்டிக்கரோடு வேஸ்டில் விழுந்தால் அந்தப் பசையும் காகிதமும் பஞ்சோடு போய்ச் சேரும். செக்கிங்கில் ரிஜெக்ட் துண்டைப் போடும்போதே ஸ்டிக்கரை உரித்துவிடச் சொல்லுங்கள்.

இனி எடை. 100 கிலோ கொள்ளளவு, 10 அல்லது 20 கிராம் துல்லியம் உள்ள பிளாட்பார்ம் தராசு போதும். கம்ப்யூட்டரோடு இணைக்கும் வசதி உள்ளதாக வாங்குங்கள். இன்றைக்கு அந்த வசதி தேவைப்படாது, பிறகு தேவைப்படும். அந்தத் தராசின் எடையை வைத்து வேஸ்டை விற்கப்போகிறீர்கள் என்பதால் ஆண்டுதோறும் எடையளவு முத்திரை போட வேண்டும். தராசு கட்டிங் டேபிளிலிருந்து நாலடியில் இருக்க வேண்டும். குடோனில் வைத்தால் எடை போடுவது நின்றுவிடும்.

பதிவுக்குக் கூகுள் ஃபார்ம் ஒன்று உருவாக்குங்கள். கேட்க வேண்டியவை: மூட்டை எண், லே எண் (லே என்பது ஒரே தடவையில் வெட்ட அடுக்காக விரித்த துணி), ஸ்டைல் எண், வகை (மேலே சொன்ன ஏழில் ஒன்று), சொந்த ஆர்டரா ஜாப் வொர்க்கா, நிகர எடை, தராசு காட்டும் எண்ணின் போட்டோ. இதற்கு மேல் ஒரு கேள்வியும் வேண்டாம். வகையையும் ஸ்டைலையும் தட்டச்சு செய்யவிடாமல் தேர்ந்தெடுக்கிற பட்டியலாக வையுங்கள். ஒருவர் ‘கறுப்பு’ என்றும் இன்னொருவர் ‘கருப்பு’ என்றும் அடித்தால் கணக்கில் இரண்டு வகையாகப் பிரிந்துவிடும்.

மூட்டை எண்ணுக்குத் தடித்த அட்டையில் டேக் அச்சடித்து நூலால் கட்டுங்கள். பிளாஸ்டிக் சாக்கில் ஒட்டிய ஸ்டிக்கர் தூசியில் இரண்டு நாளில் உரிந்துவிடும். டேக்கில் எண்ணோடு ஒரு க்யூஆர் கோடும் இருக்கட்டும். ஃபார்மில் ‘ப்ரீ-ஃபில்ட் லிங்க்’ எடுக்கும் வசதி உண்டு. அதில் மூட்டை எண் முன்பே நிரம்பிய இணைப்பை எடுத்து க்யூஆர் ஆக்கினால், போனில் ஸ்கேன் செய்தவுடன் அந்த மூட்டையின் ஃபார்ம் திறக்கும். ஒருமுறை பயன்படுத்திய எண்ணைத் திரும்ப எடுக்காதீர்கள். அடுத்த ஆண்டு ஆடிட்டில் 47-ஆம் எண் மூட்டை இரண்டு இடத்தில் தெரிந்தால் பதில் சொல்வது கஷ்டம்.

இதில் முதல் வாரத்திலேயே மூன்று தகராறு வரும். போட்டோ ஏற்றும் கேள்வி இருந்தால் கூகுள் ஃபார்ம் ஜிமெயிலில் உள்நுழையச் சொல்லும். ஆளாளுக்குத் தங்கள் போனில் திறந்தால் சிக்கிக்கொள்ளும். அதனால் யூனிட் பெயரில் ஒரு ஜிமெயில், ஒரே ஒரு போன், அது தராசுக்குப் பக்கத்தில் சங்கிலியில். இரண்டாவது, புள்ளி விட்டுப்போவது: 18.4 என்பதை 184 என்று அடிப்பார்கள். 40-க்கு மேல் எண்ணை ஏற்காதபடி ஃபார்மில் வரம்பு வையுங்கள். மூன்றாவது தேதி. ஃபார்மின் பதிவுகள் சேரும் கூகுள் ஷீட்டின் அமைப்பு அமெரிக்க முறையில் இருந்தால், கையால் அடிக்கும் 03/04 மார்ச் 4 ஆகிவிடும். ஷீட்டின் ‘லோகேல்’ இந்தியா என்று இருக்கிறதா பாருங்கள்.

இந்தப் பதிவுக்கு உயிர் கொடுப்பது லே கணக்கு. ஒரு உதாரணம் போட்டுக் காட்டுகிறேன். ஒரு லேக்கு உடல் துணி 400 கிலோ கொடுத்தீர்கள், 12 கிலோ ரோலாகத் திரும்பியது. பயன்பட்டது 388 கிலோ. வெட்டியது 2,000 பீஸ். ஒவ்வொரு சைஸிலும் 20 பீஸின் துண்டுகளை எடை போட்டு, சைஸ் எண்ணிக்கைப்படி சராசரி எடுத்ததில் ஒரு பீஸ் 165 கிராம் என்றால், துண்டுகள் 330 கிலோ. அந்த லேயின் வேஸ்ட் மூட்டைகள் 52.4 கிலோ. இரண்டும் சேர்ந்து 382.4. கணக்கில் வராதது 5.6 கிலோ, அதாவது 1.4%. வேஸ்ட் 13.5%. ரிப்புக்கு இதே கணக்கைத் தனி வரியில் போடுங்கள், சேர்க்க வேண்டாம்.

கணக்கில் வராத அந்த 5.6 கிலோவைப் பார்த்ததும் ஆட்களைச் சந்தேகப்பட்டுவிடக்கூடாது. முதலில் ரோலின் எடையைப் பாருங்கள். கம்பாக்டிங்கிலிருந்து (துணியைச் சுருக்கி முடித்துத் தரும் பட்டறை) வந்த டெலிவரி சலானில் பேப்பர் ட்யூபும் பாலித்தீன் உறையும் சேர்ந்த எடை போட்டிருப்பார்கள். ஒரு ரோலுக்கு 350 கிராம் என்றால் 16 ரோலில் 5.6 கிலோ அங்கேயே போய்விட்டது. நீங்கள் துணி விலை கொடுத்து அட்டை வாங்கியிருக்கிறீர்கள் என்பதும் அப்போதுதான் தெரியவரும். அடுத்தது ஈரப்பதம்: பருத்தி காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், விடும். மழைநாளில் எடை போட்ட ரோலை வெயில்நாளில் வெட்டினால் ஒரு சதவீதம் அளவுக்கு வித்தியாசம் வருவது இயல்பு. சாம்பிளுக்கு எடுத்த துண்டு, பழுது பார்க்க எடுத்த பிட் இவற்றையும் எழுத வேண்டும். விடை மைனஸில் வந்தால், வேறு லேயின் மூட்டை இதில் சேர்ந்திருக்கிறது என்று பொருள்.

பத்துப் பன்னிரண்டு லே ஓடிய பிறகு ‘பிவட் டேபிள்’ (ஷீட்டில் வகைவாரியாகக் கூட்டிக் காட்டும் வசதி) போட்டு ஸ்டைல்வாரியாக வேஸ்ட் சதவீதத்தைப் பாருங்கள். ஒரே மாதிரி ரவுண்ட் நெக் டி-ஷர்ட்டில் ஒன்று 12%, இன்னொன்று 16% என்று வந்தால், அங்கேதான் பணம் இருக்கிறது. வேஸ்டை நல்ல விலைக்கு விற்பதைவிட வேஸ்ட் வராமல் பார்ப்பதில் பல மடங்கு லாபம். துணியாக வாங்கிய விலையின் சிறு பங்குதான் வேஸ்டாகத் திரும்பும். வட்டப் பொருளாதாரம் (பொருளை வீசாமல் மறுபடி மறுபடி பயன்படுத்துவது) என்று பேசுகிற பலர் இந்த வரிசையைத் தலைகீழாகச் சொல்கிறார்கள் என்பதால் அழுத்திச் சொல்கிறேன்.

வித்தியாசத்துக்குப் பெரும்பாலும் காரணம் துணியின் அகலம். 180 சென்டிமீட்டர் என்று ஆர்டர் கொடுத்த துணியில் ஒரு ரோல் 180, இன்னொன்று 183, மற்றொன்று 185 இருக்கும். மார்க்கரை மிகக் குறுகலான ரோலுக்குப் போட்டு எல்லாவற்றையும் ஒன்றாக விரித்தால், 183 ரோலில் 3 சென்டிமீட்டர், அதாவது 1.6%, ஓரத்தில் வீண். எல்லா ரோலும் அப்படி என்றால் 400 கிலோவுக்கு ஆறரைக் கிலோ. கிலோ 400 ரூபாய் என்று வைத்தால் ஒரு லேயில் 2,600 ரூபாய். ரோல் வந்ததும் தொடக்கம், நடு, முடிவு என மூன்று இடத்தில் அகலம் அளந்து, ஷீட்டில் ரோல் எண்ணோடு போடுங்கள். அகலம் ஒத்த ரோல்களைச் சேர்த்து லே போடுங்கள், ஒவ்வொரு குழுவுக்கும் தனி மார்க்கர்.

கையால் மார்க்கர் போட்டுக்கொண்டிருந்தால் தனி மார்க்கர் என்பது பெரும் வேலை. அதற்குக் கம்ப்யூட்டர் மார்க்கர். அந்தச் சாஃப்ட்வேரை நீங்கள் வாங்க வேண்டியதில்லை. பேட்டர்னைக் கொடுத்தால் மார்க்கர் போட்டு, பிளாட்டரில் அச்சடித்துத் தரும் சென்டர்கள் ஊரில் இருக்கின்றன. ஒரே பேட்டர்னுக்கு மூன்று அகலத்தில் மார்க்கர் கேளுங்கள். ஒரே சைஸை மட்டும் அடுக்காமல் சிறியதும் பெரியதும் கலந்த விகிதத்தில் (உதாரணமாக எஸ் 1, எம் 2, எல் 2, எக்ஸ்எல் 1) போடச் சொல்லுங்கள். பெரிய துண்டுகளின் இடுக்கில் சிறிய கை, பட்டி உட்காரும். ஒரு எச்சரிக்கை: சதவீதத்தைக் கூட்டிக் காட்டுவதற்காகத் துண்டுகளைச் சில டிகிரி சாய்த்து வைப்பார்கள். பனியன் துணியில் அப்படிச் செய்தால் துவைத்த பிறகு பக்கத் தையல் முறுக்கிக்கொண்டு முன்பக்கம் வந்துவிடும். பேட்டர்னில் நேர்கோடு தப்பக் கூடாது என்று எழுதிக் கொடுங்கள்.

மீந்த ரோல்களுக்கு மறுசுழற்சி கடைசி வழி. நூல் எண், ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்), அகலம், எடை, கலர், லாட் எண் எல்லாம் எழுதிய லேபிள் இருந்தால் அது துணி, லேபிள் இல்லாவிட்டால் அது வேஸ்ட். வாட்ஸ்அப் பிசினஸில் கேட்லாக் வசதி இலவசம். ரோலுக்கு ஒரு போட்டோ, இந்த ஆறு விவரம், அவ்வளவுதான். குழந்தை உடை தைப்பவர்களுக்கும் காதர்பேட்டை (திருப்பூர் ஆடைச் சந்தை) வியாபாரிகளுக்குத் தைத்துக் கொடுப்பவர்களுக்கும் ஐம்பது கிலோ துணி பெரிய விஷயம்.

விற்பனைக்கு வருவோம். இரண்டு மாதம் கழித்து ஷீட்டிலிருந்து வகைவாரி மாத எடையை எடுத்து, போட்டோவோடு மூன்று வேஸ்ட் வியாபாரிகளிடமும், நேரடியாக வாங்கும் ஓப்பன் எண்ட் மில் ஒன்றிடமும் விலை கேளுங்கள். ‘மாதம் இவ்வளவு கிலோ வெள்ளை, லைக்ரா இல்லை’ என்று பதிவோடு சொல்பவருக்கும், ‘கொஞ்சம் மூட்டை இருக்கு’ என்பவருக்கும் ஒரே விலை கிடைக்காது. மில்லுக்கு உங்கள் அளவு போதாது என்றால் பக்கத்து யூனிட்டுகள் இரண்டு மூன்று சேர்ந்து, ஒரே ஏழு வகை, ஒரே ஷீட் வைத்துக்கொள்ளலாம். எஸ்டோனியாவின் ரிவர்ஸ் ரிசோர்சஸ் போன்ற இணையத் தளங்கள் வேஸ்ட் தருபவரையும் மறுசுழற்சி மில்லையும் இணைக்கின்றன. அங்கேயும் வகை, எடை, லாட் என்று பிரித்த பதிவைத்தான் கேட்பார்கள். மூட்டைகளை மழைக்காலத்தில் தரையில் போடாமல் பேலட்டில் வையுங்கள். பூஞ்சை பிடித்தால் விலை பாதியாகிவிடும்.

அனுப்பும்போது ஷீட்டில் இன்னொரு பக்கம்: தேதி, மூட்டை எண்கள், நம் எடை, வாங்கியவர் எடை, பில் எண், வண்டி எண். இரண்டு எடைக்கும் 1%-க்கு மேல் வித்தியாசம் வந்தால் அன்றே கேளுங்கள். பில் இல்லாமல் ரொக்கத்துக்குப் போட்டால் பையரின் ‘எங்கே போகிறது’ என்ற கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்காது. ஜிஎஸ்டி பில், அதில் சரியான ஹெச்எஸ்என் எண் (சரக்கு வகைக்கான வரி எண்; புதுத் துணித் துண்டு 6310 தலைப்பில் வரும், ஆடிட்டரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள்), தேவையான இடத்தில் ஈ-வே பில் எல்லாம் இருக்கட்டும். ஜாப் வொர்க் துணியின் வேஸ்ட் யாருடையது என்பதும் முக்கியம். சலானில் வேறு மாதிரி எழுதாவிட்டால் அது துணி கொடுத்தவருடையது. நீங்கள் ஜிஎஸ்டி பதிவு பெற்றவர் என்றால் உங்கள் இடத்திலிருந்தே அதை விற்கச் சட்டம் அனுமதிக்கிறது, ஆனால் அவரோடு எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும். ஃபார்மில் சொந்தம், ஜாப் வொர்க் என்ற கேள்வியை வைத்தது இதற்காகத்தான்.

பையரின் படிவம் ஹிக் எஃப்இஎம் (தொழிற்சாலையின் சுற்றுச்சூழல் கணக்கைக் கேட்கும் படிவம்) வகையாக இருக்கும் என்று நினைக்கிறேன். அதில் வேஸ்ட் வகை, ஆண்டு அளவு, எப்படி அகற்றப்படுகிறது என்று கேட்பார்கள். அது ஜனவரி முதல் டிசம்பர் வரைக்கான கணக்கு, உங்கள் டேலி ஏப்ரல் முதல் மார்ச் வரை. ஒவ்வொரு பதிவிலும் தேதி இருந்தால் இரண்டையும் ஒரே ஷீட்டிலிருந்து எடுக்கலாம். கட்டிங் வேஸ்டோடு அட்டைப்பெட்டி, நூல் கோன், பாலித்தீன், மெஷின் எண்ணெய் துடைத்த துணி ஆகியவற்றுக்கும் மாதம் ஒருமுறை எடை போட்டு எழுதுங்கள். எண்ணெய்த் துணி தனி, அது அபாயக் கழிவு.

ஜிஆர்எஸ் (மறுசுழற்சிப் பொருளுக்கான உலகத் தரம்) சான்றிதழ் வாங்க வேண்டுமா என்று அடுத்து யாராவது கேட்பார்கள். வேஸ்ட் தருபவராக மட்டும் இருக்கும்வரை உங்களுக்கு அது தேவையில்லை. சான்றிதழ் மறுசுழற்சி செய்யும் மில்லிலிருந்து தொடங்குகிறது. உங்களிடம் ஒரு ஒப்பந்தமும், பொருள் எங்கிருந்து வந்தது என்ற உறுதிமொழியும், அதற்கான பதிவுகளும்தான் கேட்பார்கள், ஆய்வுக்கு வரவும் செய்யலாம். மறுசுழற்சி நூலில் தைத்த டி-ஷர்ட்டை ஜிஆர்எஸ் என்று நீங்களே விற்கும்போதுதான் உங்களுக்குச் சான்றிதழ் வேண்டும். அதற்குக் குறைந்தது 20% மறுசுழற்சிப் பொருள் இருக்க வேண்டும், நுகர்வோர் பார்க்கும் லேபிளில் போட 50%.

சாஃப்ட்வேர்காரர் சொல்வதில் பாதி உண்மை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024/1781 எண் விதி 2024 ஜூலை 18-ல் அமலுக்கு வந்தது. பொருளுக்கு டிஜிட்டல் பாஸ்போர்ட் (பொருளின் விவரங்களை மின்வழியில் காட்டும் பதிவு) என்பது அதில்தான் வருகிறது. ஆனால் ஆடைகளுக்கு என்னென்ன விவரம் என்பதைத் தனி விதியாகக் கொண்டுவர வேண்டும். 2025 ஏப்ரலில் வெளியான அவர்களின் வேலைத்திட்டம் அதற்கு 2027 என்று குறித்திருக்கிறது. அதற்கு முன்பே அந்தப் பாஸ்போர்ட்டுக்கென்று சாஃப்ட்வேர் வாங்குவது, அளவு சொல்லாமல் சட்டை தைக்கக் கொடுப்பது. பிளாக்செயின் செய்வதெல்லாம் எழுதியதை மாற்றவிடாமல் வைப்பது. தவறாக எழுதிய எடையை அது சரியாக்காது.

ஆறு மாதம் ஷீட் ஓடி, மாதம் 300 பதிவைத் தாண்டி, கட்டிங் மாஸ்டரே ‘இதைக் கம்ப்யூட்டரில் நேரடியாக ஏற்ற முடியாதா’ என்று கேட்கத் தொடங்கினால் அப்போது அந்தக் கம்பெனிக்காரரைக் கூப்பிடுங்கள். மூன்று கேள்வி கேளுங்கள்: உங்கள் தராசிலிருந்து எடை தானாக ஏறுமா, ஆறு மாத ஷீட்டை அப்படியே உள்ளே எடுத்துக்கொள்ளுமா, ஒப்பந்தம் முடிந்தால் எல்லாப் பதிவையும் எக்செல் கோப்பாகத் திருப்பித் தருவார்களா. மூன்றையும் உங்கள் டேபிளில், உங்கள் மூட்டையை வைத்துச் செய்து காட்டச் சொல்லுங்கள். மூன்றாவதை எழுத்தில் தர மறுத்தால் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.